தண்ணீரில் முகம் வைத்தால் நாடி தளர்வது ஏன்? வீட்டிலேயே எண்ணிப் பார்க்கும் முறை

மேசைமேல் வைத்த அகலமான பாத்திரத்துக் குளிர்நீரில், மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை மட்டும் அமிழ்த்தினால், அரை நிமிடத்திற்குள் இதயத் துடிப்பின் வேகம் குறைந்துவிடுகிறது. ஓடிக் களைத்தவர் உட்கார்ந்ததும் நாடி தணிவதைப் போன்றதன்று இது. உட்கார்ந்த இடத்தில், ஏற்கெனவே அமைதியாக இருந்த நாடியே மேலும் தளர்கிறது. இதை மூழ்கல் அனிச்சை எனலாம். கடல்நாய் எனப்படும் சீல், திமிங்கிலம், டால்பின், வாத்து, பென்குவின் ஆகியவற்றிடம் வலுவாகக் காணப்படும் இந்த அனிச்சை, நீச்சலே அறியாத மனிதருக்கும் பிறவியிலேயே உண்டு. பள்ளியில் அனிச்சைச் செயலைக் கற்பிக்கும்போது முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டுவதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். அதைவிட இது நல்ல பாடம் என்பது என் எண்ணம். மாணவர் தம் உடம்பைத் தாமே அளந்து ஓர் எண்ணைக் கையில் பெறுகிறார், செலவோ ஒரு கிலோ ஐஸ் கட்டிதான்.

யார் செய்யக்கூடாது

முறையைச் சொல்லுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகும் தொல்லை உள்ளவர்கள், அடிக்கடி மயங்கி விழுபவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், உயர் இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ மாத்திரை எடுப்பவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் இதில் முகம் வைக்கக்கூடாது. பக்கத்தில் அமர்ந்து எண்ணிக் குறிக்கும் வேலையைச் செய்யலாம். நாடியைத் தளரச் செய்யும் இந்த அனிச்சை சாதாரண விளையாட்டன்று. இதயம் மிகை வேகத்தில் ஓடும் ஒருவகைக் கோளாற்றில், குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, முகத்தில் ஐஸ் பையைச் சில வினாடிகள் வைத்துத் துடிப்பை வழிக்குக் கொண்டுவரும் முறையை மருத்துவர்கள் கையாள்கிறார்கள். மருத்துவமனையில் மருந்தாகப் பயன்படுகிற ஒன்றை வீட்டில் மரியாதையுடன்தான் கையாள வேண்டும்.

இன்னொன்று: முகம் மட்டும்தான் நனைய வேண்டும். உடல் முழுவதும் திடீரெனக் குளிர்நீரில் இறங்கினால், தோலில் ஏறும் குளிர் அதிர்ச்சி இதயத்தை விரட்டும். முகத்தில் படும் நீரும் அடக்கிய மூச்சும் அதே இதயத்தை இழுத்துப் பிடிக்கும். ஒரே நேரத்தில் இரு எதிர் ஆணைகளைப் பெறும் இதயம் தாளம் தவறக்கூடும். ஆகவே குளியல் தொட்டி, நீச்சல் குளம், கிணறு, குளம், கடல் எதுவும் இந்தச் சோதனைக்கு இடமன்று. நின்றுகொண்டும் செய்யலாகாது, தலை சுற்றினால் விழாமல் இருக்க, நாற்காலியில் நன்றாக அமர்ந்து, மேசைமேல் குனிவதே முறை.

பாத்திரமும் நீரும்

நெற்றியும் இரு கன்னங்களும் ஒருசேர அமிழும்படி அகலமான பாத்திரம் வேண்டும். வீட்டில் இட்லி மாவு கரைக்கும் பெரிய எவர்சில்வர் பாத்திரமோ, துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் பேசினோ போதும். ஆழம் ஒரு சாண் இருந்தால் மிகுதி. இரண்டு பாத்திரங்கள் எடுத்துக்கொண்டு, ஒன்றில் குழாய் நீரை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை மட்டும் குளிரச் செய்ய வேண்டும். குளிர்நீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் விளைவு தெளிவாகத் தெரியும். அதற்குக் கீழே போனால் முகம் வலிக்கத் தொடங்கி, வலியே நாடியை முடுக்கிக் கணக்கைக் குழப்பும். நம் ஊர்க் கோடையில் குழாய் நீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அத்தகைய நீர் 5 லிட்டரில் ஐஸ் கட்டி 1 கிலோவைப் போட்டு முழுவதும் கரையவிட்டால், கணக்குப்படி ஏறத்தாழ 12 டிகிரிக்கு வரும். ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பமே அதில் பெரும்பங்கு என்பதால், ஃபிரிட்ஜில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கலப்பதைவிட ஐஸ் சிக்கனமானது. வெப்பமானி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றாலும் கெடுதலில்லை, குளிர்நீரில் முகம் வைக்கும் ஒவ்வொரு முறையும் நீர் ஒரே குளிர்ச்சியில் இருப்பதே முக்கியம்.

நாடியை எண்ணுவது

எல்லாம் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் சறுக்குவதும் இங்கேதான். அமிழ்ந்திருப்பவர் தாமே எண்ணக்கூடாது. இன்னொருவர் அவருடைய இடது கையை மேசைமேல் மல்லாக்க நீட்டச் செய்து, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாகத் தம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பதித்துப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலால் பிடித்தால் எண்ணுபவரின் சொந்த நாடியே குறுக்கிடும். கழுத்து நாடி பளிச்சென்று கிடைக்கும் என்று சிலர் அங்கே அழுத்துவார்கள், அது கூடாது. கழுத்துத் தமனியின் கிளைப்பில் இரத்த அழுத்தத்தை உணரும் பகுதி இருக்கிறது, அதை அழுத்தினாலே இதயம் தளரும். பிறகு தளர்ந்தது தண்ணீராலா விரலாலா என்று யாருக்கும் தெரியாது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை மறு கை விரலில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அக்கருவி கடந்த சில வினாடிகளின் சராசரியைத்தான் காட்டும், ஆகவே பின்தங்கியே வரும். மேலும், முகம் அமிழ்ந்து சிறிது நேரத்தில் சிலருக்கு அதன் திரையில் எழும்பும் அலை சிறுத்து, எண் தடுமாறி, வெறும் கோடுகளாகிவிடும். முதன்முறை இது நிகழ்ந்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டது என்றெண்ணி மாற்றினேன். தீரவில்லை. விரல் நுனியின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, கருவிக்குப் போதிய துடிப்பு கிடைக்காமல் போயிருந்தது. கெட்டுப்போனதாகத் தோன்றிய அளவீடே அனிச்சையின் இரண்டாம் பாதியைக் காட்டிக்கொடுத்தது: இதயம் தளர்வது மட்டுமன்று, கைகால்களுக்கும் தோலுக்கும் போகும் இரத்தமும் குறைக்கப்படுகிறது.

ஒவ்வொரு சுற்றும் 30 வினாடி. அதில் முதல் 15 வினாடியை எண்ணாமல் விட்டு, பின் 15 வினாடியில் வரும் துடிப்புகளை எண்ணி 4ஆல் பெருக்க வேண்டும். முகம் நீரைத் தொட்ட முதல் சில வினாடிகளில் பதற்றத்தால் நாடி உயர்வதும் உண்டு. தளர்ச்சி அதன் பிறகே படிகிறது. 15 வினாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நிமிடக் கணக்கில் 4 பிழையாகும் என்பதால், ஒவ்வொரு சுற்றையும் மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

நான்கு சுற்றுகள்

முதல் சுற்றில், பாத்திரத்தின் மேல் முகம் குனிந்தபடி, நீரைத் தொடாமல், இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே எண்ண வேண்டும். குனிவதே நாடியைச் சற்று மாற்றும். ஆகவே ஒப்பிடும் அளவும் குனிந்த நிலையிலேயே எடுக்கப்பட வேண்டும். இரண்டாவதில் அதே நிலையில் மூச்சை மட்டும் அடக்க வேண்டும். மூன்றாவதில் மூச்சை அடக்கி, குழாய் நீரில் முகம் வைக்க வேண்டும். நான்காவதில் அதையே குளிர்நீரில் செய்ய வேண்டும். சுற்றுக்குச் சுற்று குறைந்தது 3 நிமிடம் ஓய்வு. நேரம் பார்ப்பவர் 30ஆம் வினாடியில் தோளில் தட்டுவார். அமிழ்ந்தவர் அதற்கு முன்பே எழ விரும்பினால் கேள்வியின்றி எழலாம். நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் நனைவது கட்டாயம், காது நனையத் தேவையில்லை.

மூச்சை அடக்குமுன் சாதாரணமாக ஒருமுறை இழுத்தால் போதும். நெஞ்சு புடைக்க இழுத்தால் மார்புக்குள் அழுத்தம் மாறி, இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அதுவும் நாடியைக் கலைக்கும். படபடவெனப் பலமுறை இழுத்து விடுவது அறவே கூடாது. காரணம் கடைசியில் வரும்.

ஒரு வகுப்பில் எடுத்த கணக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, குனிந்து மூச்சுவிட்டபோது 15 வினாடியில் 19 துடிப்பு, மூச்சை மட்டும் அடக்கியபோது 18, குழாய் நீரில் 17, குளிர்நீரில் 14. நிமிடத்திற்கு 76 என்றிருந்தது 56 ஆயிற்று. நாடி பிடித்திருந்த தோழி, பதினான்காம் துடிப்புக்குப் பிறகு அடுத்தது வராமல் நீண்ட இடைவெளியில் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். அடுத்த துடிப்பு வந்ததும்தான் மூச்சுவிட்டாள். பொதுவாக மனிதரில் பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடு வரை குறைவதைக் காணலாம். சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும், சிலருக்கு ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். யாருக்கும் குறையவில்லை என்றால், பயத்தால் நாடி ஏற்கெனவே எகிறியிருக்கக்கூடும். ஐந்து நிமிடம் பேசவிட்டு மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எண்கள் சொல்வது

இரண்டாம் சுற்றுக்கும் நான்காம் சுற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மூச்சு அடங்குவது ஒரு தூண்டல், முகத்தில் குளிர்நீர் படுவது மற்றொன்று. இரண்டும் சேரும்போதுதான் அனிச்சை முழுமையாக எழுகிறது. முகத்தின் தொடுவுணர்வையும் குளிர்ச்சியையும் ஐந்தாம் மூளை நரம்பு மூளையடியிலுள்ள முகுளப் பகுதிக்கு எடுத்துச் செல்ல, அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்திற்கு ஆணை கொண்டுவந்து துடிப்பைத் தளர்த்துகிறது. வேறு நரம்புகள் கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் இல்லாமல் தாங்கும் தசைக்கும் தோலுக்கும் கொடுப்பதைக் குறைத்து, தாங்காத மூளைக்கும் இதயத்திற்கும் ஒதுக்குவதே இதன் பொருள். பஞ்ச காலத்தில் வீட்டில் குழந்தைக்கு முதலில் சோறு போடுவதைப் போன்றது.

பிரெஞ்சு உடலியலார் பால் பெர்ட் வாத்துகளை நீரில் அமிழ்த்தி, இதயம் தளர்வதை 1870இல் எழுதிவைத்தார். இதை முழுமையாக ஆராய்ந்தவர் நார்வேயில் வளர்ந்த பெர் ஷோலாண்டர். கடல்நாய்களைப் பலகையில் கட்டி நீரில் அமிழ்த்தி அளந்து 1940இல் நூலாக வெளியிட்டார். அவற்றின் துடிப்பு சட்டென்று நிமிடத்திற்குப் பத்தை ஒட்டி விழுந்தது. பிற்காலத்தில் ஜெரால்டு கூய்மேன், அண்டார்டிகாவின் உறைந்த கடலில் துளையிட்டு, தாமாக மூழ்கி மீளும் வெட்டெல் கடல்நாய்களின் முதுகில் கருவி பொருத்திப் பார்த்தார். அவை பெரும்பாலும் 20 நிமிடத்திற்குள்ளேயே திரும்பிவிட்டன. சுதந்திரமாக மூழ்குகையில் துடிப்புத் தளர்ச்சியும் அத்துணை கடுமையாக இருப்பதில்லை. கட்டி அமிழ்த்தப்பட்ட விலங்குக்கு எப்போது விடுவார்கள் என்று தெரியாது, ஆகவே அது எல்லாவற்றையும் மிச்சம் பிடிக்கிறது. தன் விருப்பில் மூழ்குவதற்கோ எவ்வளவு நேரம் என்ற மதிப்பு முன்கூட்டியே இருக்கிறது. அனிச்சை என்று நாம் பெயர் வைத்தாலும் அதில் விலங்கின் அறிவும் கலந்திருக்கிறது என்பதை இங்கே மாணவருக்குச் சொல்லத் தவறக்கூடாது.

நீலத்திமிங்கிலத்தின் துடிப்பை 2018இல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், உறிஞ்சிப் பற்றும் கிண்ணங்களால் ஒட்டவைத்த கருவிகொண்டு அளந்தார்கள். ஆழத்தில் நிமிடத்திற்கு 2 துடிப்பு வரைகூட இறங்கியது. மேலே வந்து மூச்சு வாங்குகையில் 37 வரை ஏறியது. 56க்கு இறங்கிய நம் மாணவியின் இதயம் அதே திசையில் ஓர் அடி எடுத்துவைத்திருக்கிறது, அவ்வளவே.

நமக்கும் கடல்நாய்க்கும் உள்ள தூரம்

மனிதர் மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்குவர். கடல்நாய் மூச்சை விட்டுவிட்டு மூழ்கும். கேட்பவர்க்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் இதில் நல்ல கணக்கு இருக்கிறது. வெட்டெல் கடல்நாயின் ஆக்சிஜன் கையிருப்பில் நுரையீரலில் இருப்பது இருபதில் ஒரு பங்குதான்; மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்திலும், மீதி தசையிலும் இருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் இரத்தத்தின் அளவு நம்மைப்போல் இரு மடங்குக்குக் குறையாது. தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நம்முடையதைப்போல் பல மடங்கு. அதனால்தான் அவற்றின் இறைச்சி ஏறத்தாழக் கறுப்பாகத் தெரியும். ஜான் கெண்ட்ரூ 1958இல் முதன்முதலாக முப்பரிமாணத்தில் கண்டறிந்த புரத அமைப்பு எண்ணெய்த்திமிங்கிலத்தின் மயோகுளோபின்தான். தசையில் அவ்வளவு தாராளமாகக் கிடைத்தது அதற்கு உதவிற்று. இத்தனைப் புரதம் நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதா என்ற கேள்விக்கு 2013இல் விடை கிடைத்தது: ஆழ மூழ்கும் பாலூட்டிகளின் மயோகுளோபின் மேற்பரப்பில் நேர்மின்னூட்டம் கூடுதல், அதனால் அவை ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன.

நுரையீரலில் காற்று குறைவாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. ஏறத்தாழ 25 முதல் 50 மீட்டர் ஆழத்திற்குள் வெட்டெல் கடல்நாயின் நுரையீரல் நுண்ணறைகள் அமுங்கி மூடிக்கொள்வதால், அதற்கப்பால் நைட்ரஜன் இரத்தத்தில் கரைவதில்லை. மேலே வரும்போது குமிழி தோன்றும் அபாயமும் குறைகிறது. மனிதருக்கு இந்த அமுக்கமே பகையாகும் என்று நெடுங்காலம் கருதினார்கள். 10 மீட்டரில் நுரையீரல் காற்று பாதியாகவும், 30 மீட்டரில் கால்பங்காகவும் சுருங்கும். அதற்குமேல் விலா எலும்புகள் தாங்காது என்பது கணக்கு. 1968இல் அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் கிராஃப்ட் 73 மீட்டருக்கு மூச்சடக்கிச் சென்று மீண்டார். கைகால்களிலிருந்து ஒதுங்கிய இரத்தம் மார்புக்குள் ஏறி, காற்று விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியதே காரணம் என்று அப்போது அளந்து கண்டார்கள். எட்டே ஆண்டுகளில், 1976இல், பிரெஞ்சுக்காரர் ஜாக் மயோல் 100 மீட்டரைத் தொட்டார்.

மண்ணீரலும் பங்கு கொள்கிறது. மூச்சடக்கும்போது அது சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. முதல்முறையைவிட நான்காம் முறை கூடுதல் நேரம் மூச்சடக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தோனேசியக் கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அக்கம்பக்கத்து நிலவாசிகளுடையதைவிட ஏறத்தாழப் பாதியளவு பெரிது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மூழ்காத பஜாவ்களுக்கும் அப்படியே இருந்ததால், பயிற்சியால் மட்டும் வந்ததன்று, பரம்பரையாகவும் வந்தது என்று கொள்ளலாம்.

எல்லாக் கடற்பாலூட்டிகளும் ஆழ்கடல் வீரர்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. கூவியர் அலகுத்திமிங்கிலம் 2,992 மீட்டர் வரை சென்றதும், 222 நிமிடம் மூழ்கியிருந்ததும் பதிவாகியுள்ளன. நம் பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் கடற்பசுவோ, மீனவர் ஆவுளியா என்று அழைப்பது, பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு எழும். அதன் மேய்ச்சல் நிலம் பத்து மீட்டருக்குள்ளேயே இருப்பதால் அதற்கு மேல் தேவையில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் கல்லின் கனத்தைத் துணைகொண்டு இறங்கிய முத்துக்குளிப்பவர்களும் கிட்டத்தட்ட இத்தகைய நேர அளவுகளுக்குள்ளேயே வேலையை முடித்தவர்கள்: ஒரு நிமிடம், அதற்குச் சற்று முன்பின். குளித்தல் என்ற சொல்லுக்கே மூழ்குதல் என்ற பொருளை அவர்களது தொழிலின் பெயர்தான் இன்றும் காத்துவைத்திருக்கிறது.

கிணற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்

பாத்திரத்தில் நாடி தளர்ந்ததைக் கண்ட பிள்ளைகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் தம் கட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சோதனை முடிந்த அன்றே இதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சுக்காக நெஞ்சு தவிப்பது ஆக்சிஜன் குறைவதால் அன்று, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். உள்நீச்சல் போட்டிக்கு முன் இருபது முப்பது முறை வேகவேகமாக இழுத்துவிட்டால், இரத்தத்தின் ஆக்சிஜன் அதிகமாகிவிடாது. அது முன்பே 97, 98 விழுக்காடு நிரம்பித்தான் இருக்கிறது. வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. தவிப்பு வர வேண்டிய நேரத்தில் வராது. ஆக்சிஜனோ வழக்கம்போல் கரைந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை மணி அடிக்குமுன் நினைவு போய்விடும். ஆழத்திலிருந்து எழும்போது நீரின் அழுத்தம் விலகுவதால் நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரிகிறது. எனவே நினைவிழப்பு நீர்மட்டத்தை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்களிலோ, தலை வெளியே வந்த பிறகோதான் பெரும்பாலும் நேர்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் சத்தமே இல்லாமல் மூழ்கிப்போவது இப்படித்தான்.

மூழ்கல் அனிச்சை இதற்குக் காப்பாகாது. அது கையிருப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும், தீர்ந்துபோனதைச் சொல்லாது. முத்துக்குளிக்கும் படகில் மூழ்குபவர் ஒவ்வொருவருக்கும் மேலே கயிறு பிடிக்க ஒருவர் இருந்தார்; அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கு தென்கரையில் சொல்லப்படுவதுண்டு. உறவு எதுவானாலும் சரி, நீரில் இறங்குபவரைவிட்டுக் கண்ணெடுக்காத ஒருவர் மேலே இருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் மூழ்கக்கூடாது. மேலே வந்தவர் இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சு வாங்கி, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் வரை, குறைந்தது 30 வினாடி, பார்ப்பவர் அவர் முகத்தைவிட்டு அகலலாகாது.